ஈரக்கை

எர்னெஸ்ட் ஹெமிங்வேயின் ‘பிக் டூ-ஹார்ட்டட் ரிவர்’ சிறுகதையைப் பற்றி எழுதப்பட்ட விமர்சனங்களில் பெரும்பகுதி மீனைப் பற்றியது இல்லை. கதை முழுக்க மீன்பிடிப்புதான். நிக் ஆடம்ஸ் ரயிலை விட்டு இறங்குகிறான், சீனி என்கிற ஊர் எரிந்து கிடக்கிறது, நடக்கிறான், கூடாரம் போடுகிறான், தூங்குகிறான். மறுநாள் ஆற்றில் இறங்கி டிரவுட் பிடிக்கிறான். வேறு ஒன்றும் நடக்கவில்லை. பேசுவதற்குக்கூட இன்னொரு ஆள் கிடையாது.

1925ல் ‘இன் அவர் டைம்’ தொகுப்பில் வந்த இந்தக் கதையை, போரில் காயம்பட்டவனின் கதை என்று 1952ல் ஃபிலிப் யங் தன் நூலில் வாசித்தார். பிற்பாடு ஹெமிங்வேயும், இது போரிலிருந்து திரும்பியவனின் கதை, ஆனால் கதையில் போர் இல்லை என்று எழுதினார். 1987ல் கென்னத் லின் வந்து, போரெல்லாம் இல்லை, அம்மாவோடு உள்ள பிணக்குதான் என்று மறுத்தார். இரண்டு கட்சியும் சாமர்த்தியமாகத்தான் வாதாடுது. ஆனால் இரண்டு பேருக்குமே டிரவுட் ஒரு பொருட்டில்லை. டிரவுட்டைத் தெரியாமல் படித்தால் இந்தக் கதையில் பாதி கையைவிட்டுப் போய்விடும் என்பது என் கட்சி.

டிரவுட் கூச்ச சுபாவம் உள்ள மீன். குளிர்ந்த, தெளிந்த நீரில் வாழ்வது. இரை நீரோட்டத்தில் மிதந்து வரும் என்பதால் எப்போதும் மேல்முகம் பார்த்து நிற்கும். அதனால் பிடிக்கப் போகிறவன் கீழிருந்து, அதன் முதுகுப்பக்கமாக வர வேண்டும். நிமிர்ந்து வரக்கூடாது. நீருக்குள் இருந்து பார்த்தால் மேலுலகம் மொத்தமும் சுமார் 97 பாகைக் கூம்புக்குள் ஒரு வட்ட ஜன்னலாகச் சுருங்கித் தெரியும். ஒளிவிலகல் கணக்கு, ஃபிசிக்ஸ் வகுப்பில் எல்லாரும் போட்டதுதான். தாழ்வாக இருக்கிற பொருள் அந்த ஜன்னலின் ஓரத்தில் நசுங்கி ஒரு கோடு மாதிரி ஆகிவிடும். குனிந்து, சில இடத்தில் முழங்காலில் ஊர்ந்து போவது அதனால்தான். காலடி அதிர்வை அதன் பக்கக்கோட்டு உறுப்பு உணரும். பெரிய ஆற்றில் ஒரு வீச்சு தப்பினால் அடுத்தது இருக்கிறது. ஆறடி அகலச் சிற்றோடையில், கோடையில் நீர் இறங்கிக் கண்ணாடி மாதிரி கிடக்கும்போது, பல நேரம் ஒரே ஒரு வீச்சுதான். இறகும் நூலும் வைத்துக் கட்டிய போலிப் பூச்சிக்கு எடையே கிடையாது, கனமான தூண்டில் கயிறுதான் அதைச் சுமந்து போகும். விழுந்த பிறகு அந்தக் கயிறை நீரோட்டம் இழுத்து, பூச்சி ஒரு விரற்கடை வழுக்கினாலும் போச்சு. மீன் வாயைத் திறக்காது.

இந்தக் கணக்கெல்லாம் ஹெமிங்வேக்குத் தெரியும். நிக்கிடம் இருப்பது போலிப் பூச்சி வீசுகிற கோல், அதற்கே உண்டான கனத்த கயிறு. ஆனால் முள்ளில் மாட்டுவது உயிருள்ள வெட்டுக்கிளி. சுத்த வைதீக ஃபிளை மீன்பிடிக்காரர்கள் இதற்கு மூஞ்சியைச் சுளிப்பார்கள், சுளிக்கட்டும். அந்த வெட்டுக்கிளிகளை அவன் எப்போது பிடிக்கிறான் என்று பாருங்கள். விடிந்ததும், பனியில் நனைந்து விறைத்துக் கிடக்கும்போது, மரக்கட்டையைப் புரட்டிப் பொறுக்கி பாட்டிலில் போடுகிறான். வெயில் ஏறினால் அவை துள்ள ஆரம்பித்துவிடும், அப்புறம் வெளி முழுக்கத் துரத்தணும். இந்த விஷயம் தெரிந்தவனை ‘உடைந்த மனிதன்’ என்று ஒரு வார்த்தையில் எப்படி முடிப்பது?

எனக்கு இந்தக் கதையின் மையம் இன்னும் சின்ன இடத்தில் இருக்கிறது. முதலில் சிக்குவது ஒரு குட்டி மீன். விடுவிப்பதற்கு முன்னால் நிக் தன் கையை நனைத்துக்கொள்கிறான். காய்ந்த கை பட்டால் மீனின் மேலுள்ள சளிப்படலம் வழித்துக்கொண்டு போகும், அந்த இடத்தில் வெள்ளைப் பூஞ்சை பிடித்து மீன் செத்துப்போகும். கூட்டமாக ஆட்கள் மீன்பிடித்த ஓடைகளில் பஞ்சு ஒட்டிய மாதிரி செத்து மிதந்த டிரவுட்டுகளை அவன் பார்த்திருக்கிறான். அதனால் அவனுக்கு ஆற்றில் கூட்டம் ஆகாது. ஹெமிங்வே இதைச் சொல்லிவிட்டு நகர்ந்து போகிறார். கருணை என்றோ, காயம் பட்டவனுக்குத்தான் காயத்தின் அருமை தெரியும் என்றோ ஒரு சொல் கிடையாது. நம்ம ஆளுங்க எழுதியிருந்தால் இந்த இடத்தில் ஒரு பத்தி கண்ணீர் நிச்சயம்.

அவரும் அப்படி எழுதத்தான் பார்த்தார் என்பது இதில் வேடிக்கை. முதலில் எழுதிய முடிவில், நிக் இலக்கியத்தைப் பற்றியும் ஓவியர் செசானைப் பற்றியும் பல பக்கங்களுக்கு யோசித்துக்கொண்டே போகிறான். அதை வெட்டிவிட்டுத்தான் கதையை அச்சுக்குக் கொடுத்தார். வெட்டிய பகுதி அவர் இறந்த பிறகு, 1972ல், தனியாக வெளிவந்தது. படித்தேன். புத்திசாலித்தனமான பக்கங்கள்தான். ஆனால் அது மட்டும் உள்ளே இருந்திருந்தால் அந்த ஆற்றில் ஒரு மீன்கூட மிஞ்சியிருக்காது.

நார்மன் மக்லீனின் ‘எ ரிவர் ரன்ஸ் த்ரூ இட்’ 1976ல் வந்தபோது அவருக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. கதையில் மரங்கள் இருக்கின்றன என்று குறை சொல்லி ஒரு பதிப்பகம் திருப்பி அனுப்பியதாம். கடைசியில் அதுவரை புதிய புனைவே வெளியிட்டிராத சிகாகோ பல்கலைக்கழகப் பதிப்பகம் போட்டது. பெரும்பாலானவர்களுக்கு 1992ல் ராபர்ட் ரெட்ஃபோர்ட் எடுத்த படம்தான் தெரியும். பாறைமேல் நின்று தம்பி பால் கயிறைத் தலைக்குமேல் வளையம் வளையமாகச் சுழற்றுகிற காட்சி. நாவலிலும் அந்த வித்தை உண்டு. பெரிய பிளாக்ஃபுட் ஆற்றுக்கு அது சரி. சிற்றோடையில் இப்படி நிழலை ஆட்டினால் இருக்கிற டிரவுட் அத்தனையும் கரைக்கு அடியில் போய்ப் பதுங்கிவிடும். மக்லீனின் உரைநடையிலும் எனக்கு இதே குறைதான். பாதிரியார் அப்பா மெட்ரோனோம் வைத்து நாலு தாளத்தில் வீச்சு சொல்லிக்கொடுக்கிற பக்கங்கள் அபாரம். எல்க்ஹார்ன் என்கிற சிற்றோடையில் நார்மன் ஒரு பெரிய மீனைப் புதரில் பறிகொடுக்கும் இடம் அதைவிட அபாரம், அங்கே பிரசங்கம் செய்ய அவருக்கு இடமே இல்லை. கடைசிப் பக்கங்களில்தான் குரல் மேடையேறுகிறது. பலருக்கு அந்த முடிவு மனப்பாடம். எனக்கு அதில் ஆறு தெரியவில்லை, ஆற்றைப் பார்க்கும் எழுத்தாளர்தான் தெரிகிறார்.

ரிச்சர்ட் பிராட்டிகன் நேர் எதிர். ‘டிரவுட் ஃபிஷிங் இன் அமெரிக்கா’ (1967) நாவலில் ஓர் இடத்தில் பழைய சாமான் கடையில் டிரவுட் ஓடையைத் துண்டு போட்டு அடிக்கணக்கில் விற்கிறார்கள், ஓர் அடி ஆறரை டாலர். சிரித்தேன், கொஞ்சம் வயிற்றைக் கலக்கியது. அவர் கிண்டலுக்கும் ஓடையில் கால் நனைத்த அனுபவம் பின்னால் இருக்கிறது.

எங்கள் வாசகர் வட்டத்தில் ஹெமிங்வே கதையை எடுத்தபோது முதல் கேள்வியே, “டிரவுட் எதுக்குக் குறியீடு?” அடுத்த ஒரு மணி நேரமும் அதிலேயே போனது. மலேசியத் தமிழ்க் கதைகளில் ரப்பர் மரத்துக்கும் இதே கதிதான். மரம் என்றால் சுரண்டல், பால் என்றால் ரத்தம், முடிந்தது. பட்டையில் கோடு எந்தச் சாய்வில் இறங்குகிறது, கத்தி ஆழமாய்ப் போனால் மரம் என்ன ஆகும், ஏன் விடிவதற்கு முன்னாலேயே சீவப் போகணும் என்பதை எழுதியவரும் கேட்டுக்கொள்வதில்லை, படிக்கிறவரும் கேட்பதில்லை. மரம் சீவிய கைகள் இன்னும் நம் வீடுகளில் இருக்கும்போதே இந்த நிலைமை.

ஹெமிங்வே கதையிலேயே குறியீட்டுக்காரர்களுக்குப் பிடித்த இடம் சதுப்பு. ஆறு அதற்குள் போகிறது, நிக் போக மறுக்கிறான். அவன் அடைத்து வைத்த நினைவுகள்தான் சதுப்பு என்பார்கள். இருக்கலாம். ஆனால் அங்கே தண்ணீர் அக்குள்வரை வரும், கிளைகள் தலைக்குமேல் மூடியிருக்கும், பெரிய டிரவுட் சிக்கினாலும் கரைசேர்க்க இடமில்லை. கொஞ்ச நேரத்துக்கு முன்னால்தான் வாழ்நாளில் பார்த்திராத ஒரு மீன் நரம்பை அறுத்துக்கொண்டு போய், கை நடுங்கி உட்கார்ந்திருந்தான். இன்றைக்கு இன்னொன்று வேண்டாம் என்று நினைக்க அந்தக் காரணமே போதும். அங்கே மீன்பிடிப்பதை ‘டிராஜிக்’ என்று ஹெமிங்வே சொல்கிறார். இந்தக் கதையில் நான் வெட்டச் சொல்லும் ஒரே சொல் அது.

அதற்குப் பிறகு நிக் தன்னிடம் இருக்கும் இரண்டு மீன்களையும் கத்தியால் கீறிச் சுத்தம் செய்கிறான். இரண்டும் ஆண். குடலை எடுத்துக் கரையில் வீசுகிறான், மிங்க் வந்து தின்னட்டும் என்று. இந்த மிங்க்கைப் பற்றி இதுவரை எந்த விமர்சகரும் ஒரு வரி எழுதி நான் பார்க்கவில்லை.