பெய்யாதா என்கிற காலம்

அஸ்பெத்தோ, அஸ்பெத்தி, அஸ்பெத்தா, அஸ்பெத்தியாமோ, அஸ்பெத்தாதெ, அஸ்பெத்தனோ. கடம்பூர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து இதை உருப்போட்டுக்கொண்டிருந்தேன். ஆச்சி எட்டிப் பார்த்து, “என்னலே, மந்திரமா?” என்றாள். இத்தாலிய மொழி படிக்கிறேன் ஆச்சி என்றேன். காத்திருக்கிறேன், காத்திருக்கிறாய், காத்திருக்கிறான் என்று அர்த்தம் சொன்னேன். “காத்திருக்கதுக்கு இத்தன வாய்ப்பாடா? நாங்கள்லாம் சும்மாவே காத்துக் கெடந்தோம்” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மேல்படிப்புக்காக இத்தாலி போகும் திட்டம் அப்போது இருந்தது. அது நடக்கவில்லை. மொழி மட்டும் மிச்சம். அந்த வாய்ப்பாட்டைத் திரும்பத் திரும்பப் பார்த்ததில் எனக்குத் தோன்றியதை எழுதுகிறேன். இது மொழிப்பாடம் இல்லை. கரிசல் இலக்கியத்தை நாம் வாசிக்கிற விதத்தைப் பற்றிய ஒரு சண்டை என்று வைத்துக்கொள்ளலாம்.

முதலில் வாய்ப்பாடு. இத்தாலிய வினைச்சொல் ஆரெ, எரெ, இரெ என்ற மூன்று முடிவுகளில் ஒன்றைக் கொண்டிருக்கும். அஸ்பெத்தாரெ முதல் வகை. ஒழுங்கான வினை. அதாவது ‘அஸ்பெத்’ என்ற அடிப்பகுதி அசையாது, வால் மட்டும் மாறும். காத்திருந்துகொண்டிருந்தேன் என்பதற்கு அஸ்பெத்தாவோ. காத்திருந்தேன், அது முடிந்துபோன கதை என்பதற்கு அஸ்பெத்தாய். காத்திருப்பேன் என்பதற்கு அஸ்பெத்தெரோ. இங்கே மட்டும் நடுவில் வரவேண்டிய ஆகாரம் எகரமாகிவிடும், அதுவும் ஒழுங்கான எல்லா ஆரெ வினைக்கும் ஆகும். நம்மாட்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. ஒற்றை மெய்யும் இரட்டை மெய்யும் இத்தாலியனுக்கு வேறு வேறு. கனி, கன்னி என்று சொல்லிப் பழகிய நாக்குக்கு நோனோ என்றால் ஒன்பதாவது, நொன்னோ என்றால் தாத்தா என்பது கஷ்டமே இல்லை.

பள்ளிக்கூட இலக்கணத்தில் ஏழு ‘மோதோ’க்கள் உண்டு. மோதோ என்றால் விதம். சொல்கிற விதம் என்று வைத்துக்கொள்வோம். நடந்ததை நடந்தபடி சொல்வது ஒரு விதம், அதற்குள் மட்டும் எட்டுக் காலங்கள். சந்தேகமும் ஆசையும் அச்சமும் ஒரு விதம், கொஞ்ஜுந்தீவோ என்று பெயர், நான்கு காலங்கள். ‘செய்வேன், ஆனால்’ என்பது ஒரு விதம், அதற்கு இரண்டு காலம். ஏவல் ஒன்று. எச்சம் போன்ற மூன்று விதங்களுக்கு இரண்டிரண்டாக ஆறு. மொத்தம் இருபத்தொரு கட்டங்கள்.

இதைப் பார்த்த தமிழ் ஆள் இரண்டில் ஒன்றைச் செய்வான். நமக்கு மூன்றே காலம்தானே என்று கூச்சப்படுவான். இல்லையென்றால் எல்லாம் தமிழிலிருந்து போனதுதான் என்று மார்தட்டுவான். நானும் இரண்டையும் வெவ்வேறு நாட்களில் செய்திருக்கிறேன்.

இந்தக் கட்டத்துக்குள் தமிழை வைத்துப் பார்த்த இத்தாலியர் ஒருவர் எங்கள் பக்கத்திலேயே இருந்திருக்கிறார். கடம்பூரிலிருந்து அதிக தூரமில்லை காமநாயக்கன்பட்டி. அங்கே பணிசெய்தவர் கொன்ஸ்தான்சோ ஜுசெப்பே பெஸ்கி, நம்முடைய வீரமாமுனிவர். 1680இல் வட இத்தாலியின் காஸ்திலியோனேயில் பிறந்தவர். அவருடைய தேம்பாவணியைப் பற்றி மேடையில் பேசுவார்கள். நான் பெரிதாக நினைப்பது வேறொன்றை. பேச்சுத் தமிழுக்கு லத்தீனில் ஓர் இலக்கணம் எழுதினார். இயேசு சபைக்காரரான அவருடைய நூலை 1738இல் அச்சிட்டவர்கள் தரங்கம்பாடி லுத்தரன் மிஷன்காரர்கள். மதத்தில் இரு தரப்பும் எதிரெதிர்க் கட்சி. ஆனால் கிணற்றடியில் பேசுகிற தமிழ் இரண்டு பேருக்கும் வேண்டியிருந்தது.

பேச்சுக்கும் இலக்கணம் உண்டு என்று ஒரு புத்தகத்தையே எழுதிக் காட்டியது சாதாரண விஷயமில்லை. அதே சமயம் அந்த நூலின் எல்லையும் வெளிப்படை. அது லத்தீன் தெரிந்த பாதிரிமாருக்காக எழுதியது. அவர்களுக்குப் பழகிய அறைகளில் தமிழ் வினையை அடுக்கிக் காட்டுவதுதான் அதன் வேலை. அறைக்குள் அடங்கியது தெரியும். அடங்காதது அறைக்கு வெளியே நிற்கும். குறை பெஸ்கியுடையது என்பதைவிட கட்டம் போடுகிற எல்லோருடையதும். நன்னூலைக் கட்டமாக்கி, இறந்தகாலம் நிகழ்காலம் எதிர்காலம் என்று மூன்று வரிசை போட்டு, பத்தாம் வகுப்பில் எனக்குக் கொடுத்தவர்களும் அதைத்தானே செய்தார்கள்?

சரி, அடங்காதது எது? இத்தாலியனுக்குக் காத்திருப்பது என்ற வினை ஒரு விசேஷம். ‘இதற்காகக் காத்திருக்கிறேன்’ என்று இன்னொரு வாக்கியத்தை அதோடு கோர்த்தால், கோர்க்கப்பட்ட வினை கொஞ்ஜுந்தீவோவுக்கு மாறியாக வேண்டும். மழை பெய்கிறது என்றால் பியோவெ. மழைக்குக் காத்திருக்கிறேன் என்றால் அஸ்பெத்தோ கெ பியோவா. ஓர் உயிரெழுத்துதான் மாறுகிறது. அந்த ஓர் எழுத்தில், ‘இது இன்னும் நடக்கவில்லை, நடக்கும் என்று நான் உத்தரவாதம் தரவில்லை’ என்பது வந்துவிடுகிறது.

இதையே எங்கள் ஊரில் எப்படிச் சொல்வார்கள்? புரட்டாசிப் பட்டத்துக்கு விதையை வைத்துக்கொண்டு நிற்பவர், ‘பெய்யும்னு பாத்துக்கிட்டு இருக்கோம்’ என்றால் நம்பிக்கை பாக்கி இருக்கிறது. ‘பெய்யட்டும்னு பாத்துக்கிட்டு இருக்கோம்’ என்றால் வேண்டுதல். ‘பெய்யாதான்னு பாத்துக்கிட்டு இருக்கோம்’ என்றால்? அது ஏக்கம். கேள்வியாகவும் இருக்கிறது, எதிர்மறையாகவும் இருக்கிறது, ஆனால் உள்ளே இருப்பது ஆமாம் என்கிற ஆசை. இத்தாலியன் ஓர் எழுத்தில் வைத்ததை நாம் மூன்றாகப் பிரித்து வைத்திருக்கிறோம். ஐப்பசி போய்க் கார்த்திகை வரும்போது அதே ஆள் முதல் வாக்கியத்திலிருந்து மூன்றாவதுக்கு வந்துவிடுவார். ஒரு வருஷத்து வெள்ளாமையின் கதை இந்த மூன்று வால்களில் இருக்கிறது. எந்த வாய்ப்பாட்டிலும் ‘பெய்யாதா’வுக்குக் கட்டம் இல்லை.

இன்னொன்றும் கவனித்தேன். கொஞ்ஜுந்தீவோ நிகழ்கால ஒருமையில் நான், நீ, அவன் மூன்றுக்கும் ஒரே வடிவம்தான்: அஸ்பெத்தி. ஆள் யார் என்பது அழிந்துவிடுகிறது. தமிழிலும் அப்படித்தான். வந்தேன், வந்தாய், வந்தான் என்று நடந்ததைச் சொல்லும்போது ஆள் ஒட்டிக்கொண்டிருக்கிறான். வரலாம், வரட்டும், வரணும் என்று வந்துவிட்டால் ஆள் உதிர்ந்துவிடுகிறான். வாழ்க என்ற வியங்கோளுக்கும் எல்லாப் பாலும் எல்லா இடமும் ஒன்றுதான். இரண்டு மொழிக்கும் உறவு என்று நான் சொல்லவரவில்லை. நடந்ததற்குப் பொறுப்பாளி உண்டு, ஆசைக்குப் பொறுப்பாளி கிடையாது என்று இரண்டு மொழியும் தனித்தனியாக நினைத்திருக்கிறதோ என்று தோன்றியது.

இப்போது சண்டைக்கு வருகிறேன். கரிசல் எழுத்து என்றதும் நம் விமர்சனம் என்ன செய்கிறது? மண்வாசனை என்கிறது. பிறகு ஒரு சொற்பட்டியல் போடுகிறது. கலப்பையின் உறுப்புக்குப் பெயர், மாட்டின் நிறத்துக்குப் பெயர், பலகாரத்துக்குப் பெயர். நாவலின் கடைசிப் பக்கத்தில் அருஞ்சொற்பொருள் என்று அச்சிடுவதும் பெரும்பாலும் பெயர்ச்சொற்களைத்தான். இடைசெவலில் இருந்து எழுதிய கி. ராஜநாராயணனை நாம் பாதி இப்படித்தான் வாசித்து முடித்தோம். அகராதி போட்டவர் என்பதால் சொல் சேகரித்தவராகவே அவரை நினைத்துக்கொண்டோம். ‘கோபல்ல கிராம’த்தைக் கையில் எடுத்துப் பாருங்கள். யாரோ சொல்லக் கேட்டதை இன்னொருவர் சொல்லும் குரல் அது. ‘பார்த்தேன்’ என்று அடித்துச் சொல்லும் இடம் எது, ‘அப்படியாம்’ என்று தள்ளி நிற்கும் இடம் எது என்பதில்தான் அந்த நாவல் வரலாறாகவும் கதையாகவும் ஒரே நேரத்தில் இருக்கிறது. அந்த ‘ஆம்’ ஒரு வினைவால்தான். அதற்கு அருஞ்சொற்பொருள் யாரும் போடுவதில்லை.

பூமணி தன் முதல் நாவலுக்கு வைத்த பெயரையே பாருங்கள். ‘பிறகு’, 1979. தோல்வேலை செய்கிற அழகிரியின் கதை, சுதந்திரம் வந்த காலத்துக் கரிசல் கிராமம். தலைப்பில் பெயர்ச்சொல்லும் இல்லை, வினையும் இல்லை. காலம் மட்டும் இருக்கிறது. சுதந்திரம் வந்தது, பிறகு? இந்தப் பிறகுக்கு அடுத்து ஓர் எதிர்கால வினை வரவேண்டும். அழகிரிக்கு அது வந்து சேரவில்லை என்பதுதான் நாவல் என்று நான் வாசிக்கிறேன். மண்வாசனை தேடி வருகிறவர் கண்ணுக்கு இது படாது.

பெயர்ச்சொல் பொருட்காட்சிக்குப் போகும். கமலையும் இல்லை, ஏற்றமும் இல்லை, அந்தச் சொற்களும் போய்விட்டன என்று வருத்தப்படலாம். வினையின் வால் அப்படிப் போவதில்லை. திருப்பூரில் பனியன் கம்பெனியில் நிற்கிற எங்கள் ஊர்ப் பையன் கலப்பையைப் பார்த்ததே இல்லை. ஆனால் ‘லீவு தரமாட்டானான்னு பாக்கேன்’ என்று போனில் சொல்கிறான். ‘பெய்யாதா’வின் பேரன் அது. இத்தாலியிலும் இதே கதை. அஸ்பெத்தாய் என்ற முடிந்த காலத்தை வடக்கே பேச்சில் விட்டுவிட்டார்கள், சிசிலியில் இன்றும் பேசுகிறார்கள். ஓர் இத்தாலியன் வாயில் இருக்கும் காலத்தை வைத்தே அவன் எந்தப் பக்கம் என்று ஊகிக்கலாம். வட்டாரம் என்பது வினையில் இருக்கிறது.

அஸ்பெத்தாரெ என்ற சொல்லைத் தோண்டினால் லத்தீனில் பார்ப்பது என்று வருகிறது. இதைப் படித்த அன்று புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். எங்கள் நிலத்துக்கு மானம் பாத்த பூமி என்றுதானே பெயர்? பார்த்த என்பது இறந்தகாலப் பெயரெச்சம். வாய்ப்பாட்டின்படி பார்த்து முடித்தாயிற்று. ஆனால் அந்தப் பூமி இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது.

ஆச்சியிடம் ஒருநாள் கேட்டேன், நம்ம நெலத்த ஏன் வித்தோம் என்று. அவள் வாய்ப்பாடு எதுவும் பார்க்காமல் சொன்னாள்: “அந்த ரெண்டு வருசம் பெஞ்சிருந்தா வித்திருக்க மாட்டோம்.” இத்தாலியன் இதற்கு கொஞ்ஜுந்தீவோவின் கடைசிக் கட்டத்திலிருந்து ஒன்றையும், ‘செய்வேன், ஆனால்’ விதத்தின் கடைசிக் கட்டத்திலிருந்து ஒன்றையும் எடுத்துக் கோர்க்க வேண்டும். சே அவெஸ்ஸெ பியொவூதோ, நொன் லாவ்ரெம்மோ வெந்தூதா. மொழி படிக்கிறவர்கள் கடைசியாகப் போய்ச் சேருகிற வாக்கியம் இது. ஆச்சி பள்ளிக்கூடம் போனதில்லை.

பெய்யவும் இல்லை, விற்காமலும் இல்லை. நடக்காத இரண்டு விஷயங்களைக் கட்டி அவள் ஒரு நிலத்தை எனக்குக் காட்டினாள். அதில் புரியாத வட்டாரச் சொல் ஒன்றுகூட இல்லை. எந்த நாவலின் கடைசிப் பக்கத்திலும் அதற்கு அர்த்தம் போடமாட்டார்கள்.