மெய்மேல் எழுதும் பொய்

உடலுக்குத் தமிழில் மெய் என்று பெயர். உண்மைக்கும் அதே பெயர்தான். இந்தச் சொல்லை மனத்தில் நிறுத்திக்கொண்டு, இன்று நம் பிள்ளைகளின் கைகளில் காணப்படும் ஒரு புதிய அலங்காரத்தைச் சற்று ஆராய்வோம்.

அது பச்சை குத்தியதைப் போலவே தோன்றும்; ஆனால் குத்தியது அன்று. தாளில் அச்சான படத்தைத் தோலின்மேல் வைத்து, ஈரத்துணியால் சற்று நேரம் அழுத்தி எடுத்தால், தாள் கையோடு வந்துவிடும். படம் தோலில் தங்கிவிடும். சில நாட்களில் உரிந்தும் போய்விடும். மதுரையின் பேன்சி கடைகளிலும் திருவிழாக் கடைகளிலும் இது எளிதில் கிடைக்கிறது. ‘தற்காலிக டாட்டூ’ என்பது இதன் பெயர். ஊசியும் இரத்தமும் இல்லாமல் பச்சையின் அழகைத் தருகிறோம் என்பது விற்பவர்களின் வாக்கு.

இதைக் கண்டதும் நம் வீடுகளில் இரண்டு குரல்கள் எழுகின்றன. ஒன்று, “பச்சை என்றாலே ஆகாது, அழி” என்கிறது. மற்றொன்று, “நாலு நாளில் போகிற விளையாட்டுக்கு ஏன் இத்தனை ஆர்ப்பாட்டம்?” என்கிறது. இரண்டு குரல்களும் பொருளை உற்றுப் பார்க்கவில்லை. பார்த்துச் சொல்வதல்லவா விமர்சனம்?

முதலில், இது எதற்கு மாற்றாக வந்ததோ அந்தப் பச்சையைப் பார்ப்போம். மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்துச் சிற்றூர்களில் முதிய பெண்களின் முன்கைகளில் புள்ளியும் கோடுமாகக் கோலங்கள் படிந்திருப்பதைப் பலரும் கண்டிருக்கலாம். ஊர் ஊராகச் சென்ற குறத்தியர் குத்திய கோலங்கள் அவை. எட்கர் தர்ஸ்டன் 1909இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியக் குலங்கள் பற்றிய நூலில் அந்த மை செய்யும் முறை விவரிக்கப்பட்டுள்ளது. மஞ்சள்தூளையும் அகத்தி இலையையும் சேர்த்து அரைத்து, துணியில் தடவித் திரியாகச் சுருட்டி, ஆமணக்கெண்ணெய் விளக்கில் எரித்து, மேலே கவிழ்த்த புதுச் சட்டியில் படியும் கரியைச் சுரண்டி எடுப்பார்களாம். நகைக்கு வழியில்லாத ஏழைப் பெண்ணுக்குக் கள்வனும் கவர முடியாத நகையாக அது இருந்தது. செத்தாலும் உடன் வருவது இது ஒன்றே என்ற நம்பிக்கையும் நாட்டில் உண்டு. உடன் வருவது செயல்கள் மட்டுமே என்று நம்புகிறவர்கள் நாம். எனினும் அந்த நம்பிக்கைக்குப் பின்னால் இருந்த வறுமையை எள்ளி நகையாட நமக்கு உரிமையில்லை.

ஆனால் அந்த ‘நிரந்தரம்’ எத்தகையது? கரிய மை தோலுக்கு அடியிலிருந்து நீலமும் பச்சையும் கலந்த நிறமாய்த் தெரிகிறது. ஆண்டுகள் செல்லச் செல்லக் கோடுகள் விரிந்து மங்குகின்றன. இளமையில் கோலமாக இருந்தது முதுமையில் கறையாகிறது. இதை அரபு நாட்டுப் பழங்கவிஞர்கள் நன்கு கண்டிருந்தனர். இஸ்லாத்திற்கு முற்பட்ட கவிஞர் தரஃபா, காதலி விட்டுச் சென்ற பாசறையின் மிச்சங்களைப் புறங்கையில் எஞ்சிய பச்சைக்கு ஒப்பிட்டே தம் புகழ்பெற்ற கவிதையைத் தொடங்குகிறார். அவர் பச்சையில் கண்டது நிலைபேறு அன்று; நிலைத்திருக்க முயன்று தோற்ற சுவடு.

அந்தச் சமுதாயத்தில்தான் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தோன்றினார்கள். பச்சை குத்துபவளையும் குத்திக்கொள்பவளையும் அவர்கள் சபித்த செய்தி, இப்னு உமர் (ரலி) முதலியோரின் அறிவிப்பாகப் புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் உள்ளது. இறைவன் படைத்த உருவத்தை மாற்றுமாறு ஷைத்தான் மனிதரைத் தூண்டுவான் என்ற திருமறையின் 4:119ஆம் வசனத்தோடு இதைப் பொருத்திக் காட்டும் விரிவுரையாளரும் உளர். ஆகவே நிரந்தரப் பச்சை பற்றி நமக்குள் நீண்ட வாதத்திற்கு இடமில்லை.

மார்க்கத்தை ஒதுக்கி வைத்துப் பார்த்தாலும் அதன் சுமை சிறிதன்று. 1970களில் எம்.ஜி.ஆர். தம் கட்சித் தொண்டர்களைக் கட்சிக் கொடியைக் கையில் பச்சை குத்திக்கொள்ளுமாறு கேட்டுக்கொண்டார். பலர் குத்திக்கொண்டனர், மூத்தவர்கள் சிலர் மறுத்தனர். தமிழ்நாட்டில் கட்சி மாறாதவர்கள் எத்தனை பேர்? மனம் மாறியபோது கை மாற மறுத்தது. இன்றும் தரைப்படையில் சேர விரும்பும் நம் வட்டார இளைஞனுக்கு, முன்கையின் உட்புறத்திலும் புறங்கையிலும் அன்றி வேறிடத்தில் நிரந்தரப் பச்சை இருந்தால் வாசல் அடைபடும். பழங்குடியினருக்கு மட்டுமே விதிவிலக்கு உண்டு. பச்சை குத்தியவர் ஓராண்டு காலம் இரத்த தானம் செய்ய இயலாது. தூய்மையற்ற ஊசியால் மஞ்சள் காமாலைக் கிருமிகளும் எச்.ஐ.வி.யும் பரவக்கூடும் என்பதே காரணம். லேசர் ஒளியால் அழிக்கலாம் என்பார்கள். அதற்குப் பல முறை மருத்துவரிடம் செல்ல வேண்டும். பணமும் வலியும் தனி.

இவ்வளவையும் எண்ணும்போது, ஊசியின் முன் கை நீட்ட இருந்த ஒருவனைத் தடுத்து நிறுத்துமானால் அந்த ஒட்டுப்படம் நல்லதையே செய்கிறது. இதை நாம் தயங்காமல் ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆனால் தற்காலிகம் என்ற பெயரில் வருவன எல்லாம் ஒன்றல்ல. ஒட்டுப்படம் ஒரு வகை. தென் அமெரிக்கப் பழங்குடிகள் பயன்படுத்தி வந்த ஜகுவா என்னும் காயின் சாறு இன்னொரு வகை. அது தோலோடு வினைபுரிந்து, ஓரிரு நாளில் கருநீலமாகி, ஒன்றிரண்டு வாரங்களில் மறைகிறது. இத்தகைய சாயத்தை விற்றுப் பெயர் பெற்ற டொராண்டோ நகரின் இங்க்பாக்ஸ் நிறுவனத்தை, எழுதித் தூக்கி எறியும் பேனாவுக்குப் பேர்போன பிக் நிறுவனம் 2022இல் விலைக்கு வாங்கியது. தூக்கி எறியும் பேனா, தூக்கி எறியும் சவர அலகு, இப்போது தூக்கி எறியும் பச்சை! மூன்றாவது வகை, ஊசியால் குத்திவிட்டுத் தானே மறையும் என்று சொல்வது. அமெரிக்காவில் 2021இல் கடை திறந்த ஒரு நிறுவனம் 9 முதல் 15 மாதத்தில் மறையும் என்று விளம்பரம் செய்தது. சொன்ன காலத்தில் மறையவில்லை என்று பலர் முறையிட்டனர். ஊசி ஊசிதான், பெயரை மாற்றினால் அதன் இயல்பு மாறாது.

நான்காவது வகையே கொடியது. அதற்குக் ‘கறுப்பு மருதாணி’ என்று பெயர். மருதாணி கறுக்காது; செங்கபிலமாகச் சிவப்பதே அதன் இயல்பு. ஒரு மணி நேரத்தில் கருகருவென்று ஏறுமாயின், தலைச்சாயத்தில் சேர்க்கும் பாராபினைலின் டைஅமின் என்ற இரசாயனம் கலந்திருக்கக்கூடும். அமெரிக்க உணவு, மருந்து ஆணையம் இதைத் தோலில் இட அனுமதிப்பதில்லை. கொப்புளமும் தழும்பும் உண்டாவதோடு, அதன்பின் வாழ்நாள் முழுவதும் தலைச்சாயம் பட்டாலே ஒவ்வாமை எழக்கூடும். அழியும் என்று இட்ட கோலம் அழியாத வடுவாகிவிடுகிறது.

நம்மவர்க்கு மற்றொரு கேள்வியும் உண்டு: ஒளுவின் நீர் தோலைத் தொடுகிறதா? மருதாணியும் ஜகுவாவும் தோலில் ஊறிய நிறங்கள். அவற்றின்மேல் ஊற்றிய நீர் தோலிலேயே படும். ஒட்டுப்படமோ தோலின்மேல் ஒட்டிய மெல்லிய பசைப்படலம். அது முன்கையில் இருக்கும்வரை அந்த இடத்தில் நீர் சேராது. குளிப்புக் கடமையானவருக்கும் இதே தடை உண்டு. விளையாட்டு என்று எண்ணும் பெற்றோர் இதைக் கவனிப்பதில்லை. பிள்ளைகளுக்கு யாரும் சொல்வதுமில்லை.

இனிக் கலை என்ற முறையில் இதை எடை போடுவோம். ஒட்டுப்படத்தைப் புகழ்பவர்கள் சொல்லும் ஒரே புகழுரை, “அசல்போலவே இருக்கிறது” என்பதுதான். மினுமினுப்பில்லாத மேற்பரப்பு, விளிம்பில் சிறு கசிவு, பழைய மையின் மங்கல் ஆகிய அனைத்தையும் அச்சிலேயே கொண்டுவந்துவிடுகிறார்கள். திரைப்படத்தில் இது முறையானது. நடிகரின் கையில் உள்ள பச்சை வேடம் என்பது பார்ப்பவர்க்குத் தெரியும். அந்தப் பொய்யில் இருவரும் உடன்பட்டிருக்கிறார்கள். தெருவில் அத்தகைய உடன்பாடு இல்லை. பார்ப்பவர் ஏமாறும்வரை அங்கே வெற்றி, ஏமாறாவிட்டால் தோல்வி. ஏமாற்றுவதையே அளவுகோலாகக் கொண்ட கலை, தனக்கென்று ஓர் அழகைத் தேடும் தேவையை இழந்துவிடுகிறது. அதனால்தான் அதே மண்டையோடும் அதே நங்கூரமும் அதே கழுகும் கடைக்குக் கடை தொங்குகின்றன. அரபு எழுத்தும் இதில் தப்பவில்லை. சேர்த்து எழுத வேண்டிய எழுத்துகள் தனித்தனியே சிதறி, இடமிருந்து வலமாக அச்சாகி வருவதும் உண்டு. படிக்கத் தெரியாதவர் அச்சிட்டதைப் படிக்கத் தெரியாதவர் ஒட்டிக்கொள்கிறார். புனிதச் சொல்லாக இருந்துவிட்டால் அது கழிப்பறைக்கும் உடன் செல்கிறது.

அழியும் கலை தமிழருக்குப் புதிதன்று. சங்கப் பாடல்கள் பேசும் தொய்யில், பெண்டிர் மேனியில் குழம்பால் எழுதிய அழகு. தோளில் கரும்பு வரைந்ததை அப்பாடல்களில் காண்கிறோம். அது தன்னைத் தழும்பு என்று காட்டிக்கொள்ளவில்லை; அழிவதை மறைக்கவுமில்லை. மருதாணியும் அத்தகையதே. லாசோன் என்ற அதன் சாயம் தோலின் மேலடுக்கைப் பற்றி, அந்த அடுக்கு உதிரும்போது தானும் உதிர்கிறது. தோல் தடித்த உள்ளங்கையிலும் பாதத்திலும் நன்கு பற்றுகிறது. நம் பாட்டிமார் இதை அறிந்தே, உள்ளங்கையில் ஒரு வட்டமும் விரல் நுனிகளில் தொப்பியும் வைத்தார்கள். எளிய வடிவம்தான், ஆனால் கையின் அமைப்பையே கோலமாக்கிய வடிவம். பெருநாளுக்கு இட்டது அடுத்த மாதம் இருக்காது. பெருநாள் முடிந்தது என்பதை அந்த மங்கும் நிறமே சொல்லும்.

இப்படிச் சொல்லி நம் முதுகை நாமே தட்டிக்கொள்ளவும் வழியில்லை. இன்று அம்மியில் இலை அரைக்கும் வீடுகள் எத்தனை? கோரிப்பாளையத்திலும் காஜிமார் தெருவிலும் பெருநாள் நெருங்கும்போது கைகளில் ஏறுவது பெரும்பாலும் கோன் மருதாணிதான். இராஜஸ்தானின் சோஜத் மருதாணிக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதன் தரத்தில் குறை சொல்வதற்கில்லை. கோன் தந்த நுண்மையான கொடியும் பூவும் அழகு என்பதையும் மறுக்க வேண்டாம். ஆனால் கடையில் வாங்கும் கோனுக்குள் என்ன கலந்திருக்கிறது என்று கேட்பவர் அரிது. “உடனே சிவக்கும்” என்ற ஒரு சொல்லுக்கு மயங்கி, வளைகுடாவிலிருந்து வந்த கறுப்புக் கோனையும் குழந்தையின் கையில் பிழிந்துவிடுகிறோம். ஒட்டுப்படத்தைக் கண்டு சீறும் தாய், கோனின் உறையைத் திருப்பிப் பார்ப்பதில்லை. பொறுமையின்மையே இங்கும் அங்கும் வேலை செய்கிறது.

இன்னொன்றையும் நேர்மையாகப் பேச வேண்டும். மகளுக்கு, “மருதாணி இட்டுக்கொள்” என்று சொல்லிவிடலாம். மகனுக்கு? அழகுக்காகக் கை கால்களில் மருதாணி இடுவது ஆண்களுக்கு ஆகாது என்பதே சட்ட அறிஞர் பலரின் கருத்து. தாடிக்கும் தலைமுடிக்கும் இடுவதை அவர்கள் தடுப்பதில்லை. பதினாறு வயதுப் பையனுக்குத் தாடி ஏது? ஒட்டுப்படத்தை நாடுவோரில் அவனும் ஒருவன். அவன் தேடுவது பெரும்பாலும் படம் அன்று. தன்னை நாலு பேர் கவனிக்க வேண்டும், தான் வளர்ந்துவிட்டதை யாரேனும் ஒப்புக்கொள்ள வேண்டும் என்ற ஏக்கம் அது. அதை வீடும் ஜமாஅத்தும் தரவில்லை என்றால் பேன்சி கடை தரும். பின்னர் ஊசிக்காரனும் தருவான்.

அப்படி ஊசிவரை போய்விட்டவனை என்ன செய்வது? “இனி உன் தொழுகை கூடாது” என்று சொல்லி அவனைப் பள்ளிவாசல் படியிலிருந்தே திருப்பி அனுப்புவோர் உண்டு. அது கல்வி அன்று. தோலுக்கு அடியிலுள்ள மை, தோலின்மேல் ஓடும் நீரைத் தடுப்பதில்லை. பழைய ஷாஃபிஈ நூல்கள் முடிந்தால் நீக்கச் சொல்லும். நீக்கினால் தீங்கு நேரும் என்றால் விலக்கும் அளிக்கும். தவ்பாவின் வாசல் மூடப்படவில்லை. அதை ஓர் ஆலிம் அவனை அருகில் அமர்த்தி விளக்க வேண்டும்; கூட்டத்தில் வைத்து அவன் கையைச் சுட்டிக் காட்டுவது தகாது.

ஆகவே தீர்ப்பு இதுதான். பச்சைக்கு மாற்று என்ற வகையில் ஒட்டுப்படம் குறைந்த தீமை. கலை என்ற வகையில் அது இன்னொன்றின் நிழல். வீட்டிற்குள் அது வந்தால் மூன்றைக் கேளுங்கள்: எதனால் செய்தது, நீர் புகுமா, என்ன எழுதியிருக்கிறது? விடை சரியில்லை என்றால் சிறிது எண்ணெய் தொட்டுத் தேயுங்கள், அது போய்விடும். அடிக்கவும் ஏசவும் தேவையில்லை. அதற்குப் பின் அந்தப் பிள்ளையோடு சற்று நேரம் உட்கார்ந்து பேசுங்கள். பெரிய வேலை அதுதான்.