ஒப்புதலும் வேலையும்: ஆரோக்கிய சேது எதிர்ப்பின் ஓர் எல்லை

கையிலுள்ள செல்பேசி சுற்றியுள்ள கருவிகளுக்குத் தன் இருப்பை ஓயாமல் அறிவித்துக்கொண்டிருக்கிறது. இவ்வியல்பைக் கொண்டு யார் யாருக்கு அருகில் இருந்தனர் என்பதைப் பதிவுசெய்ய ஒன்றிய அரசு 2020 ஏப்ரல் 2 அன்று வெளியிட்ட செயலி ஆரோக்கிய சேது. தனியுரிமையை முன்வைத்து அதற்கு எழுந்த எதிர்ப்பு நியாயமானது. புளூடூத்தோடு நில்லாமல், 15 நிமிடத்துக்கு ஒருமுறை இருப்பிடத்தையும் அச்செயலி குறித்துவைத்தது. அதே மாதம் ஆப்பிளும் கூகுளும் அறிவித்த முறையிலோ இருப்பிடத்துக்கு வேலையே இல்லை.

எனினும் எதிர்ப்பு பெரிதும் 'ஒப்புதல்' என்னும் சொல்லையே நம்பி நின்றது. அரக்கோணம் முதல் ஆம்பூர் வரை, தோல் பதனிடும் தொழிலையும் காலணி ஆலைகளையும் நம்பி வாழ்வோரிடத்தில் அச்சொல்லுக்குள்ள வலிமை மிகக் குறைவு. மே 1 அன்று உள்துறை அமைச்சகம் பிறப்பித்த ஆணை, அரசு, தனியார் ஊழியர் அனைவருக்கும் செயலியைக் கட்டாயமாக்கியது. 100 விழுக்காடும் நிறைவேற்றும் பொறுப்பை நிறுவனத் தலைவரிடம் ஒப்படைத்தது. மே 17 அன்று வந்த ஆணையில் கட்டாயம் 'இயன்றவரை' எனத் தளர்ந்தது. இத்தளர்வை வெற்றியாகக் கொண்டோர் ஆணையின் வினைகளை நுணுகி நோக்கவில்லை. பொதுமக்களுக்கு மாவட்ட நிர்வாகம் 'அறிவுறுத்தலாம்'. ஊழியர் விஷயத்தில் முதலாளி 'உறுதிசெய்ய வேண்டும்'. வீட்டில் இருப்பவருக்கு அறிவுரை, ஆலைக்குச் செல்பவருக்கு மேற்பார்வை. ஆலை வாயிலில் செல்பேசியைக் காட்டச் சொல்பவரே மறுநாள் வேலை உண்டா என்பதையும் முடிவுசெய்பவர் எனில், அங்கே பெறப்படும் இசைவை ஒப்புதல் என்பது பொருந்தாது. (செயலி இயங்கத்தக்க செல்பேசி இல்லாதவர் தப்பினார், வறுமை தந்த விலக்கு அது.)

இருப்பிடக் கண்காணிப்பு பற்றிய வேறொரு வழக்கு இங்கு ஒப்புநோக்கத்தக்கது. பிணையில் விடப்பட்டவர் தம் இருப்பிடத்தைக் கூகுள் வரைபடம் வழியே விசாரணை அதிகாரிக்குக் காட்ட வேண்டும் என்ற நிபந்தனையை உச்ச நீதிமன்றம் 2024 ஜூலை 8 அன்று நீக்கியது. அத்தகைய இடைவிடாத கண்காணிப்பு அரசியலமைப்பின் 21ஆம் உறுப்புக்கு முரண் என்பது தீர்ப்பின் சாரம். குற்றம் சாட்டப்பட்டவர் இசைந்தாரா என்பதை விடுத்து, காவல் அமைப்புக்கு அந்த அதிகாரம் உண்டா என்பதை நீதிமன்றம் ஆராய்ந்தது. செயலியை எதிர்த்தோரும் இக்கேள்வியிலிருந்தே தொடங்கியிருக்க வேண்டும்.

ஆயினும் அத்தீர்ப்பின் காப்பு அரசுக்கு எதிரானது. ஆலை முதலாளியை அது கட்டுப்படுத்துமா என்பது வேறு வினா. 2023ஆம் ஆண்டின் எண்ம முறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 7ஆம் பிரிவு, வேலைவாய்ப்பு சார்ந்த நோக்கங்களுக்கு ஊழியரின் தரவை அவரது ஒப்புதல் இன்றியே கையாள இடமளிக்கிறது.