மாம்பழமும் வாளையும்

குறுந்தொகையின் எட்டாம் பாட்டைப் பேசவரும்போது எல்லோரும் உள்ளுறையில் போய் நின்றுவிடுகிறோம். வயலோர மாமரத்திலிருந்து தானாக உதிரும் பழத்தைப் பழனத்து வாளை கவ்வுகிறது. பேசுகிறவள் பரத்தை. ஆகவே வாளை யார், பழம் எது என்று கண்டுபிடித்துக் கணக்கை முடித்துவிடலாம். பற்றும் வரவும் எழுதிப் பழகிய எனக்கும் இந்தச் சௌகரியம் பிடித்தே இருந்தது.

ஆனால் மாம்பழம் உதிர்வது கோடையில். அந்தக் கோடையிலும் மரத்தடியில் வாளை உலவுமளவு நீர் வேண்டும். வாளை அயிரையைப் போலச் சேற்றுநீரில் காலம் தள்ளுகிற மீன் அல்ல. மற்ற மீன்களைத் தின்று பெரிதாக வளர்வது. அப்படியானால் அந்தப் பழனத்துக்குப் பின்னால் வற்றாத நீர் ஒன்று இருக்கிறது. ஆலங்குடி வங்கனார் அதைச் சொல்லவில்லை. அவருடைய வாசகனுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஐங்குறுநூற்றில் ஓரம்போகியாரின் மருதம் நூறு. வேழத்துக்கு ஒரு பத்து, நண்டுக்கு ஒரு பத்து, எருமைக்கு ஒரு பத்து. அதே நூறில் நீர்நாய்க்கு வாளை அன்றாட இரை. இந்த 'அன்றாடம்' முக்கியம். நாலு மாதம் ஓடி நிற்கும் நீரில் நீர்நாய்க்கு அன்றாடம் என்பது கிடையாது. நாணல் கரையைப் பிடித்திருக்க வேண்டும், கரையில் வளை இருக்க வேண்டும், மடுவில் மீன் இருக்க வேண்டும். ஒன்றை உருவினால் மற்றவை நிற்கமாட்டா. உள்ளுறையின் பலமும் இதுதான். உயிர் முதலில் உயிராக இருக்கிறது, பிறகே குறிப்பாகிறது.

ஏ. கே. ராமானுஜன் 1967இல் தம் மொழிபெயர்ப்புக்கு 'அக நிலக்காட்சி' என்று பொருள்படும் தலைப்பிட்டார். நாம் அகத்தை வைத்துக்கொண்டு நிலக்காட்சியை விட்டுவிட்டோம். பிழை அவருடையதல்ல.

மேட்டூர் அணை 1934இல் வந்தது. வழக்கப்படி ஜூன் 12இல் பாசனத்துக்குத் திறப்பு, ஜனவரி 28இல் மூடல். இடைப்பட்ட மாதங்கள்தாம் மாம்பழக் காலம். பாட்டு காவிரிக்கரையில் நிகழ்வதாகச் சொல்லவில்லைதான். எனினும் இன்று டெல்டாவின் வாய்க்கால் கரையில் அந்தப் பழம் பெரும்பாலும் காய்ந்த மண்ணில்தான் விழும். காவிரியில் இன்னும் நீர்நாய்கள் உண்டு. நம் புதுக்கவிதையில் அவற்றை நான் பார்த்ததில்லை.

திருத்தணியில் இருக்கிறேன். நந்தியாறும் கொசஸ்தலையும் வருஷத்தில் பல மாதம் மணல். என் பழைய கவிதைகளை எடுத்துப் பார்த்தேன். ஏழு இடத்தில் நதி ஓடுகிறது. ஒன்றிலும் மீன் இல்லை, நண்டு இல்லை, நாணல் இல்லை. மணலை எழுதியிருந்தால் அது என் சொந்தக் கணக்காக இருந்திருக்கும்.