நான்காவது விருது எது?

கமல்ஹாசனுக்கு எத்தனை தேசிய விருதுகள் என்று கேட்டால் ‘நான்கு’ என்று பெரும்பாலோர் தயங்காமல் சொல்லிவிடுவார்கள். எந்த நான்கு என்று அடுத்துக் கேட்டால்தான் சிக்கல். ‘மூன்றாம் பிறை’, ‘நாயகன்’, ‘இந்தியன்’ மூன்றுக்கும் சிறந்த நடிகர் விருது. இதில் தகராறு இல்லை. நான்காவதாகச் சில குறிப்புகள் ‘களத்தூர் கண்ணம்மா’வில் நடித்த சிறுவனுக்குக் கிடைத்த குடியரசுத் தலைவரின் தங்கப் பதக்கத்தைச் சேர்க்கின்றன. வேறு சில, ‘தேவர் மகன்’ தயாரிப்பாளர் என்ற முறையில் வந்த சிறந்த தமிழ்ப் படத்துக்கான விருதைச் சேர்க்கின்றன.

இப்படிப்பட்ட இடத்தில் ஒரு வாழ்க்கைக் குறிப்பை இன்னொன்றோடு மோதவிட்டுப் பார்ப்பதில் பயனில்லை. பத்துக் குறிப்புகள் ஒரே செய்தியைச் சொன்னாலும், ஒன்பது பேர் முதல் ஆளைப் பார்த்து எழுதியிருந்தால் சாட்சி ஒன்றுதான். விருதைக் கொடுத்தவர்களின் பட்டியலுக்கே போய்விட வேண்டும். 1960ஆம் ஆண்டுப் படங்களுக்கான மத்திய அரசுப் பட்டியலில் தங்கப் பதக்கம் பெற்றது ஹிருஷிகேஷ் முகர்ஜியின் ‘அனுராதா’ என்ற இந்திப் படம். தமிழுக்கான வெள்ளிப் பதக்கம் ‘பார்த்திபன் கனவு’க்குப் போனது. ‘களத்தூர் கண்ணம்மா’வுக்குக் கிடைத்தது மூன்றாவது சிறந்த தமிழ்ப் படத்துக்கான தகுதிச் சான்றிதழ். குழந்தை நட்சத்திரத்துக்கென்று ஒரு பிரிவே அப்போது கிடையாது. 1968ஆம் ஆண்டுப் படங்களுக்குத்தான் அது முதன்முதலாக வழங்கப்பட்டது. பெற்றவர் ‘குழந்தைக்காக’ படத்தில் நடித்த பேபி ராணி. சிறந்த பாடலாசிரியர் என்ற பிரிவும் அதே ஆண்டில் தொடங்கி, அதே படத்துக்காகக் கண்ணதாசனிடம் வந்து சேர்ந்தது.

ஐந்து வயதுப் பையன் பதக்கம் எதுவுமே வாங்கவில்லை என்று இதற்குப் பொருளில்லை. பதக்கம் கொடுக்க அரசுக்கு வெளியிலும் ஆட்கள் உண்டு. தேசிய விருதுக் கணக்கில் அதை எழுத இடமில்லை, அவ்வளவே. ஆகவே நான்காவது ‘தேவர் மகன்’தான் என்பது என் முடிவு. படத்துக்குக் கிடைத்த சான்றிதழ் காலப்போக்கில் அதில் நடித்தவரின் மார்பில் பதக்கமாக ஏறிவிடுவது நம் திரைவரலாற்றில் சகஜம்.

விருதுகளின் வயதைத் தெரிந்து வைத்திருப்பவருக்குப் பாதி வேலை முடிந்தது. 1954இல் தொடங்கிய தேசிய விருதுகள் ஆரம்பத்தில் படங்களைத்தான் கௌரவித்தன. நடிப்புக்கு உத்தம் குமாரும் நர்கிஸும் முதல்முதலாகப் பெற்றது 1967ஆம் ஆண்டுப் படங்களுக்காக. இசைக்கும் அதே ஆண்டில்தான் தொடக்கம், ‘கந்தன் கருணை’க்காக கே.வி.மகாதேவனுக்கு. 1967க்கு முந்தைய படம் ஒன்றுக்காக ஒருவர் ‘தேசிய அளவில் சிறந்த நடிகர்’ ஆனார் என்று எங்காவது படித்தால் வேறு ஆதாரம் தேடவே தேவையில்லை.

‘வீரபாண்டிய கட்டபொம்ம’னுக்காகச் சிவாஜி கணேசன் வாங்கிய பரிசு இதற்கு நேர்மாறான கதை. பரிசு உண்மை, விலாசம்தான் தவறிப் போகிறது. கெய்ரோ சர்வதேசத் திரைப்பட விழாவில் கிடைத்தது என்று எழுதுகிறார்கள். அந்த விழா பிறந்ததே 1976இல். சிவாஜி சிறந்த நடிகராகத் தேர்வானது 1960இல் கெய்ரோவில் நடந்த ஆசிய–ஆப்பிரிக்கத் திரைப்பட விழாவில். ஊர் ஒன்று, விழா வேறு. இப்படி ஒரு பிழையைப் பிடித்த கையோடு பரிசே பொய் என்று சொல்லிவிடும் அவசரக்காரர்களும் இருக்கிறார்கள். அவர்களால் விளையும் கெடுதல் ரசிகர்களின் மிகையை விடக் குறைவானதல்ல.

ஆஸ்கர் விஷயத்தில் மிகைக்கு அளவே இல்லை. ‘தெய்வ மகன்’ தொடங்கி ‘நாயகன்’, ‘ஹே ராம்’, ‘விசாரணை’, ‘கூழாங்கல்’ வரை பல தமிழ்ப் படங்களை இந்தியா தன் சார்பில் அனுப்பியிருக்கிறது. ஒவ்வொரு நாடும் ஒரு படம் அனுப்பும். அவற்றிலிருந்து ஐந்தை அகாதமி இறுதிப் போட்டிக்கு எடுக்கும். இந்தியா அனுப்பியவற்றில் அந்த ஐந்துக்குள் நுழைந்தவை ‘மதர் இந்தியா’, ‘சலாம் பாம்பே’, ‘லகான்’ மூன்றுதான்.

ஆதாரங்களுக்கு எங்கே போவது? படங்கள், தேதிகள், கலைஞர்கள் என்றால் ஃபிலிம் நியூஸ் ஆனந்தன் திரட்டியவற்றைத் தவிர்த்து யாரும் எழுத முடியாது. ஆஷிஷ் ராஜாத்யக்ஷாவும் பால் வில்லமனும் தொகுத்த இந்திய சினிமாக் கலைக்களஞ்சியமும் உதவும். விருதுக்கு மட்டும் இவை இரண்டாம் நிலைதான். அந்தந்த ஆண்டின் அரசு விருது மலரும், விழாவுக்கு மறுநாள் வந்த நாளிதழும் முதல் நிலை. நட்சத்திரம் முதுமையில் கொடுத்த பேட்டியை நான் கடைசியில் வைப்பேன். பெற்ற அன்பை நினைவு கூட்டிக்கொண்டேதான் போகும்.

ஆண்டைப் பற்றிய சண்டைகளில் பெரும்பாலானவை வெறும் சண்டைகள். ‘அசுரன்’ படத்துக்காகத் தனுஷ் பெற்ற விருது 2019ஆம் ஆண்டுக்கானது. அறிவித்ததும் அளித்ததும் 2021இல். அதே மேடையில் ரஜினிகாந்துக்குத் தரப்பட்ட தாதா சாகேப் பால்கே விருதும் 2019க்குரியதே. தமிழக அரசோ 2009 முதல் 2014 வரையிலான ஆறு ஆண்டு விருதுகளை மொத்தமாக 2017 ஜூலையில் அறிவித்தது. கையில் கொடுத்தது 2022 செப்டம்பரில். இதில் 2011ஆம் ஆண்டுக்கான விருதைப் பெற்ற ஒருவரைப் பற்றி மூன்று நூல்கள் மூன்று ஆண்டுகளைச் சொன்னால் எதையும் பிழை என்று அடித்துவிட முடியாது. பதிப்பாசிரியர் படத்தின் ஆண்டை முதலில் போட்டு, விழா நடந்த ஆண்டைப் பக்கத்தில் குறித்துவிட்டால் போதும்.