காஞ்சிவரம்: படம் விட்டுட்டுப் போன ஒரு கேள்வி

பிரியதர்ஷனோட 'காஞ்சிவரம்' படத்தைப் போன வாரம் மறுபடி பார்த்தேன். 2007ஆம் ஆண்டுக்கான தேசிய விருதுகளில் சிறந்த படம். பிரகாஷ் ராஜுக்குச் சிறந்த நடிகர். முதல் தடவை பார்த்தப்போ அழுதது ஞாபகம் இருக்கு. இந்தத் தடவை ஒரு சந்தேகமும் வந்தது. அதைக் குறிச்சு வைக்கத்தான் இந்தப் பதிவு. (படம் பார்க்காதவங்க பார்த்துட்டு வாங்க, கதையைச் சொல்லப் போறேன்.)

மகள் கல்யாணத்துக்குப் பட்டுப்புடவை தருவேன்னு வாக்குக் கொடுக்கிறான் வேங்கடம். வேலை செய்யும் இடத்தில் இருந்து பட்டு நூலை வாயில் அடக்கித் திருடி, ராத்திரியில் ரகசியமா நெய்கிறான். கூலிக்காக வேலைநிறுத்தம் நடத்துறவனும் அவன்தான். நூல் வேணும்னு அதை முடிச்சு வைக்கிறவனும் அவன்தான். அவனை நல்லவன்னோ கெட்டவன்னோ படம் தீர்ப்பு சொல்லல. அதுதான் இந்தப் படத்தோட பெரிய பலம்.

என் சந்தேகம் வேற. வேங்கடம் தொழில் தெரிஞ்சவனாத்தான் படத்துக்குள்ள வர்றான். அதை எங்கே, எப்படிக் கத்துக்கிட்டான்? படத்துக்கு அதில் அக்கறை இல்லை. ஆனா காஞ்சிபுரத்தோட பாதிக் கதை அங்கேதான் இருக்கு.

கோர்வைப் புடவைக்கு மூணு நாடா ஓடணும்: உடலுக்கு ஒண்ணு, இரண்டு பக்கக் கரைக்கும் ஒவ்வொண்ணு. தனி ஆளா நெய்யறது கஷ்டம், பக்கத்தில் ஒரு துணை வேணும். பல தலைமுறையா அந்தத் துணை வீட்டுப் பிள்ளைங்கதான், இல்லேன்னா முன்பணத்துக்கு அனுப்பப்பட்ட குழந்தைங்க. அதுதான் ஊரோட பயிற்சிப் பள்ளி. பள்ளிக்கூடத்தை இழந்துதான் தறியைக் கத்துக்கிட்டாங்க. குழந்தைகளைத் தறியில் இருந்து மீட்டது முழுக்க சரி. ஆனா அந்த இடத்தில், பெரியவங்க சம்பளத்தோட கத்துக்கிற ஏற்பாடு அதே அளவுக்கு வளரல.

முப்பத்தஞ்சு வயசில் வேலை இல்லாத ஒருத்தர் கோர்வை கத்துக்கணும்னா, கை படியுற வரைக்கும் வீட்டுக்கு யார் அரிசி வாங்குவா? நான் சாஃப்ட்வேர் கம்பெனியில் சேர்ந்தப்போ ஒரு வரி உருப்படியா எழுதத் தெரியாத மாசங்களுக்கும் சம்பளம் வந்தது. அதனாலதான் தாக்குப்பிடிச்சேன்.

"நெசவு வேண்டாம், ஸ்ரீபெரும்புதூர் போங்க" என்பது இன்னொரு பதில். 2014ல் வந்த மத்திய அரசின் தீனதயாள் உபாத்யாய கிராமப்புறத் திறன் திட்டம் 15 முதல் 35 வயது வரை (பெண்களுக்கு 45 வரை) எடுத்துக்குது. வேலையில் சேர்ந்த பிறகான உதவியும் அதில் உண்டு. நல்ல யோசனை. ஆனா அதே 2014 நவம்பரில்தான் ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை உற்பத்தியை நிறுத்தியது. 2006ல் தொடங்கி ஆயிரக்கணக்கான இளைஞர்களுக்கு, முக்கியமாப் பெண்களுக்கு, வேலை கொடுத்த இடம். அவங்க பயிற்சியில் குறை ஒண்ணும் இல்ல. வேலைதான் போயிடுச்சு.

இங்கேதான் படத்துக்கிட்ட திரும்பி வர்றேன். "திறமை இருந்தா வேலை தானா வரும்" என்று மேடைக்கு மேடை சொல்றாங்க. வேங்கடம்கிட்ட இல்லாத திறமையா? கூலியைத் தீர்மானிக்கிற உரிமை மட்டும்தான் அவன்கிட்ட இல்லை. பயிற்சி மட்டும் போதாதுன்னு படம் ஏற்கெனவே சொல்லிடுச்சு. முதல் தடவை எனக்குக் கேட்கல.

கத்துக்கிறப்போ கூலி, கத்துக்கிட்ட பிறகு நிலைச்ச வேலை. இரண்டாவது இல்லேன்னா என்ன ஆகும்னு படம் காட்டிடுச்சு. முதலாவதைப் பத்தி இன்னும் யாரும் படம் எடுக்கணும்.