கைக்கடிகார வடிவமைப்பில் புதுமை: உருவமும் உள்ளடக்கமும்

புதுமை என்னும் சொல் திறனாய்வுத் துறையில் மிக மலிவாக வழங்கும் சொற்களுள் ஒன்று. முன்னர் காணப்படாத ஒன்று தோன்றியதும் அதனைப் புதுமை எனப் போற்றுதல் வழக்கமாகிவிட்டது. ஆயின், முன்னர் இல்லாதது என்பது வேறு. தோன்ற வேண்டிய தேவை கொண்டு தோன்றியது என்பது வேறு. இலக்கியத்தில் உருவம், உள்ளடக்கம் ஆகியவற்றின் உறவு பற்றி நாம் எழுப்பும் வினாவை, மனிதன் நாள்தோறும் கையாளும் பொருள்களிடத்தும் எழுப்பலாம். அதற்குக் கைக்கடிகாரம் பொருத்தமானதோர் எடுத்துக்காட்டாகும். உள்ளே பொறி, வெளியே உருவம். உள்ளேயிருப்பதைப் பெரும்பாலானோர் காண்பதில்லை. எனவே உருவம் உள்ளடக்கத்தினின்றும் பிரிந்து தனிவழி செல்வதற்கு இங்கே வாய்ப்பு மிகுதி. விசித்திர வடிவங்கொண்ட கடிகாரங்களைத் தேடிச் சேர்க்கும் ஆர்வலர் உலகெங்கும் உளர். அவர்கள் போற்றும் சில படைப்புகளை இந்நோக்கில் மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தொடக்ககாலக் கைக்கடிகாரம் பட்டியிற் பூட்டப்பட்ட சட்டைப்பைக் கடிகாரமே. வட்டமான பொருளொன்றை மணிக்கட்டிற் கட்டுவதால் எழும் பொருந்தாமையை எவ்வாறு நீக்குவது? இவ்வினாவுக்குக் கிடைத்த சிறந்த விடைகளுள் ஒன்று, பாரிசில் லூயி கார்ட்டியே 1917இல் வடிவமைத்த ‘ராங்க்’ கடிகாரம். அதன் முகப்பின் இருமருங்கும் செல்லும் நேர்ச்சட்டங்கள் அப்படியே நீண்டு பட்டியைத் தாங்கும் பிடிகளாகின்றன. பட்டி ஒட்டுப்போட்ட உறுப்பாகாமல் உருவத்தின் தொடர்ச்சியாகிறது. நாற்கோணம் இங்கே அலங்காரமன்று. மணிக்கட்டு வேண்டிய வடிவம்.

இதனோடு அமெரிக்காவின் ஹமில்ற்றன் நிறுவனம் 1957இல் வெளியிட்ட ‘வென்ருறா’ என்பதை ஒப்பிடலாம். சுருளிவில்லுக்குப் பதிலாக மின்கலத்தால் இயங்கியமை அதன் பெருஞ்சிறப்பு. றிச்சட் ஆர்பிப் அதற்குச் சமச்சீரற்ற முக்கோண வடிவம் அளித்தார். மின்யுகத்தின் வேகத்தை அவ்வடிவம் பறைசாற்றியது உண்மை. ஆனால், அம்முக்கோணக் கூட்டினுள் இருந்த பொறியோ வட்டமானது. வடிவத்துக்கும் பொறிக்கும் இருந்த உறவு அறிவிப்புப் பலகைக்கும் கடைக்கும் உள்ள உறவே. மின்தொடுகைகள் தேய்ந்து பழுதுறும் இயல்புடைய அப்பொறி நெடுநாள் நிலைக்கவில்லை. 1969இல் ஹமில்ற்றன் மின்கடிகார உற்பத்தியைக் கைவிட்டது. வடிவமோ பின்னர் வேறு பொறிகளைத் தாங்கி மீண்டும் விற்பனைக்கு வந்தது. உள்ளடக்கம் மாறியும் உருவம் சிறிதும் மாறாதிருக்க முடிந்தமை அவ்வுருவத்தின் வெற்றியெனக் கருதப்படுகிறது. அவ்விரண்டுக்குமிடையே அகத்தொடர்பு இல்லாமைக்கும் அதுவே சான்றாகும்.

கைக்கடிகாரம் அணிகலனுமாகுமே, அணிகலனின் வடிவத்துக்குக் காரணம் கேட்பது தகுமோ எனச் சிலர் வினவலாம். அணிகலனை அழகியது எனப் போற்றுவதற்குத் தடையில்லை. வென்ருறா அழகியதே. அழகையும் புதுமையையும் ஒன்றெனக் கொள்ளுதலே மறுக்கத்தக்கது.

1960இல் புலோவா நிறுவனம் வெளியிட்ட ‘அக்கியூட்ரன்’ இதற்கு மறுதலையானது. மக்ஸ் ஹெட்செல் என்னும் சுவிற்சர்லாந்துப் பொறியியலாளர் சமநிலைச் சக்கரத்தை நீக்கி, அதனிடத்தில் திரான்சிற்றரால் இயக்கப்படும் இசைக்கவை ஒன்றை அமைத்தார். அது செக்கனுக்கு 360 முறை அதிர்ந்தது. எனவே அக்கடிகாரம் ‘டிக் டிக்’ என ஒலிக்காமல் ரீங்காரமிட்டது. மாதத்துக்கு ஒரு நிமிடத்துக்கு மேற்படாத பிழையே நேருமென நிறுவனம் உறுதியளித்தது. இப்பொறியை வாடிக்கையாளருக்கு விளக்குவதற்காக முகப்புத்தகடு நீக்கிய மாதிரிகள் விற்பனையாளருக்கு வழங்கப்பட்டன. மக்களோ அம்மாதிரியையே விலைக்குக் கேட்டனர். ‘ஸ்பேஸ்வியூ’ பிறந்த வரலாறு இதுவாகும். இங்கே வடிவமைப்பாளன் எதனையும் சேர்க்கவில்லை, மறைத்ததை நீக்கினான். சுருள்களும் இசைக்கவையுமே முகமாயின. அப்பொறியை எடுத்துவிட்டால் அம்முகமும் இல்லை.

பொறியினின்றன்றி, நேரத்தைப் படிக்கும் செயலினின்றும் புதுமை பிறக்கலாம். நேதன் ஜோர்ஜ் ஹோர்விற் 1947இல் வரைந்த முகப்பில் எண்களில்லை, கோடுகளில்லை. நண்பகற் சூரியனைக் குறிக்கும் ஒரு புள்ளி மட்டுமே உண்டு. நியூயோர்க் நவீன கலை நூதனசாலை 1960இல் அதனைத் தன் சேகரிப்பில் ஏற்றது. நேரத்தை நாம் எண்களாகவன்றி முட்களின் கோணமாகவே படிக்கிறோம் என்ற உண்மையை அது வெளிப்படுத்திற்று. எனினும் நிமிடத்தைத் துல்லியமாக அறியவேண்டிய புகையிரத நிலைய அதிபருக்கோ தாதிக்கோ அது உதவாது. அதன் எளிமை, ஓய்வுடையோரின் எளிமை.

உருவம் பொறியினின்று பிறந்தாற் போதுமா? 1972இல் விற்பனைக்கு வந்த ‘பல்சர்’ இவ்வினாவை எழுப்புகிறது. முட்களற்ற, இருண்ட கண்ணாடியுடைய அக்கடிகாரத்திற் பொத்தானை அழுத்தினால் மட்டுமே செந்நிற எண்கள் ஒளிரும். ஒளியுமிழ் இருவாயிகள் மின்னைப் பெரிதும் நுகர்ந்தமையே காரணம். உருவம் இங்கே உள்ளடக்கத்தினின்றே எழுந்தது. ஆயின் நேரமறிய மற்றைக் கையும் வேண்டியதாயிற்று. சட்டைப்பையினின்றும் கடிகாரத்தை மணிக்கட்டுக்குக் கொணர்ந்ததன் பயனையே அது இழந்தது. அதன் விலை 2,100 டொலர்.

1983இல் வெளிவந்த ‘சுவொச்’ இன்னொரு பக்கத்தைக் காட்டுகிறது. யப்பானின் செய்க்கோ 1969 டிசெம்பரில் குவாட்சுக் கைக்கடிகாரத்தை விற்பனைக்கு விட்டபின், சுவிற்சர்லாந்துக் கைத்தொழில் நிலைகுலைந்தது. பல்லாயிரம் தொழிலாளர் வேலையிழந்தனர். எல்மார் மொக், ஜக் முல்லர் என்னும் பொறியியலாளர் பொறியைப் பிளாத்திக்குக் கூட்டிலேயே நேரடியாகப் பொருத்தி, உறுப்புகளை 51 ஆகக் குறைத்தனர். கூடும் பொறியும் உண்மையிலேயே ஒன்றாயின. விலையும் சாதாரண மக்களுக்கு எட்டியது. ஆனால் மூடி ஒட்டப்பட்ட அக்கடிகாரத்தைத் திறந்து பழுதுபார்க்க முடியாது. மின்கலத்தை மாற்றலாம், அதற்குமேல் எறியவே வேண்டும். தெருமுனையில் உருப்பெருக்கியைக் கண்ணிற் பொருத்தியிருக்கும் கடிகாரத் தொழிலாளியை அவ்வடிவம் தன் உலகினின்றும் விலக்கிவிட்டது. வடிவம் பற்றிய தீர்ப்பு, அவ்வடிவம் யாரைச் சேர்த்தது, யாரை நீக்கியது என்பதையும் உள்ளடக்கவேண்டும்.

துல்லியம் இன்று எவருக்கும் மலிவாகக் கிடைப்பது. அதனாலேயே விலையுயர்ந்த கடிகாரங்கள் வடிவ விசித்திரத்தை நாடுகின்றன. அவற்றுள்ளும் வேறுபாடு காணவேண்டும். 1997இல் தோன்றிய ‘ஊர்வேர்க்’ நிறுவனத்தின் கடிகாரங்களில் மணியைக் குறிக்கும் எண்ணே நிமிட வில்வளைவின் வழியே நகர்கிறது. மணியும் நிமிடமும் ஓரிடத்திற் படிக்கப்படுகின்றன. இம்முறை 17ஆம் நூற்றாண்டில் உரோமாபுரியிற் கம்பானி சகோதரர் செய்த இரவுக் கடிகாரத்திலேயே உண்டு. பழைய முறையாயினும் படித்தலைப் பற்றிய வினாவுக்கு அது விடை கூறுகிறது. செல்வர் சிலருக்கே அது எட்டுவது என்பதையும் மறத்தற்கில்லை.

ஆகவே, ஒரு வடிவத்தின் முன் நிற்கும் திறனாய்வாளன் மூன்று வினாக்களைத் தொடுத்தல் வேண்டும். இவ்வுருவம் எதனால் வேண்டப்பட்டது? அணிபவனின் செயலை இது எளிதாக்கியதா? இதனைச் செய்வோரும் பேணுவோரும் என்னவாயினர்? மூன்றுக்கும் நிறைவான விடை தரும் கடிகாரம் அரிது. ஆயினும் இவ்வினாக்களைத் தொடுக்காது வழங்கப்படும் பாராட்டு, விற்பனையாளனின் குரலினின்றும் வேறுபட்டதன்று.